ஊடைக்கு ஏது கஞ்சி

பிள்ளையார்பாளையத்தில் அந்தத் தெருவில் பாவு நீட்டுகிற நாள் என்றால் விடிவதற்குள் வடிவாம்பாளைத் தேடி ஆள் வந்துவிடும். சேலையில் நெடுக்கே ஓடுகிற பட்டு இழைகளான பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து, துணிப் பந்தால் நீவி, வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் காயவைத்து எடுத்தால்தான் தறியில் ஏற்ற முடியும். கஞ்சி கூடினால் இழை விறைத்துப் போய் ஒடியும். குறைந்தால் பிசிறு கிளம்பி ஒன்றோடொன்று சிக்கும். நடுவில் எங்கே நிறுத்துவது என்பது வடிவாம்பாளின் விரலுக்குத் தெரியும். கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. "பால் மாதிரியும் இருக்கக் கூடாது, கூழு மாதிரியும் இருக்கக் கூடாது" என்பாள். அதை வைத்துக்கொண்டு வேறு யாரும் கஞ்சி காய்ச்சிவிட முடியாது.

யார் வீட்டுப் பாவோ அந்த வீட்டிலிருந்து முதல் நாள் சாயங்காலமே அவளுக்கு அரிசி வந்துவிடும். குழைய வேகவைத்து, பழைய சேலைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்து விடியற்காலையில் எடுத்துக்கொண்டு போவாள். வடிகட்டிய சக்கை அவளுக்கு. பாவின் ஒரு தலைப்பை மரத்தில் கட்டியிருப்பார்கள். மறுகோடியை ஓர் ஆள் கயிற்றில் இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். வடிவாம்பாள் கஞ்சி போட்டால் அந்தக் கோடி அவள் புருஷன் வீரபாகுவுடையது. அவள் தலையை லேசாக ஆட்டினால் போதும், அவன் கயிற்றைத் தளர்த்துவான். நிமிர்ந்து பார்த்தால் இறுக்குவான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். தெருவில் வேறு எந்தப் புருஷனும் பெண்டாட்டியின் தலையசைப்புக்கு அவ்வளவு பணிந்து நின்றதில்லை என்று ஆண்கள் அவனைக் கிண்டல் செய்வார்கள். அவன் சிரித்துக்கொள்வான். அவளுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

இப்படி இருந்த தெருவில்தான் அரிசிப் பஞ்சம் வந்தது. தேர்தல் நடந்த வருஷம் அது. ரேஷன் கடையில் கோதுமையும் சோளமும் போட்டார்கள். பட்டு வியாபாரம் செய்கிற வீட்டில்கூட இரவில் கோதுமை ரவைதான் வெந்தது. அந்த நேரத்திலும் பாவுக்கு அரிசி கொடுப்பதை யாரும் நிறுத்தவில்லை. தான் தின்னாவிட்டாலும் பாவுக்கு வேண்டுமே. அளவைக் குறைத்துக்கொண்டு, முகத்தைச் சுருக்கிக்கொண்டு கொடுத்தார்கள். வடிவாம்பாளும் வாங்கிக்கொண்டு வந்து, ஒரு மணி சிந்தாமல் பாவுக்கே காய்ச்சிவிட்டு, தன் வீட்டில் கோதுமைக் கஞ்சியும் புளிக்குழம்பும் வைத்தாள்.

மாசி மாதத்தில் இரண்டு பாவு ஒன்றாகப் போட்டாள். ஒன்று தன் வீட்டுத் தறிக்கு, இன்னொன்று எதிர்வீட்டு ஜெயம்மாளின் புருஷன் தறிக்கு. இரண்டுக்கும் பட்டு, முதலாளி பஞ்சாட்சரம் கொடுத்தது. வேகவைத்துச் சாயம் ஏற்றியது மயில்வாகனம். வீரபாகுவின் தம்பி, முதலாளியிடம் கடன் வாங்கித் தெருக்கோடியில் சொந்தமாகச் சாயப்பட்டறை வைத்திருப்பவன். கஞ்சி போட்ட அன்று பனி விலகி நல்ல வெயில் அடித்தது. பாவு அழகாகக் காய்ந்தது. அன்று முழுவதும் மயில்வாகனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தான். "அண்ணி, இன்னும் கொஞ்சம் கெட்டியா போடுங்களேன்" என்று ஒரு தடவை வந்து சொன்னான். "உன் சாயத்த நீ பாரு மயிலு, என் கஞ்சிய நான் பாத்துக்கறேன்" என்று அவள் விரட்டிவிட்டாள்.

தறியில் ஏற்றியதும் பாவு அறுந்தது. ஓர் இழை, இரண்டு இழை என்றால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இது மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் எங்கேயாவது அறுந்தது. குறுக்கு இழையை எடுத்துப் போகிற நாடாவை ஓட்டுகிற நேரத்தைவிட அறுந்த இழையைத் தேடிப் பிடித்து முடிகிற நேரம் அதிகமாயிற்று. எதிர்வீட்டிலும் அதே பாடு. ஜெயம்மாளின் புருஷன் தறியைவிட்டு எழுந்து வந்து தெருவில் நின்று பீடி மேல் பீடியாக ஊதினான்.

பஞ்சாட்சரம் விஷயம் கேள்விப்பட்டு நேராக வீரபாகுவின் வீட்டுக்கு வந்தார். மயில்வாகனத்துக்கும் ஆள் அனுப்பினார். ஜெயம்மாள் வாசற்படியைத் தாண்டாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு தறியிலயும் பாவு அறுந்துக்கினே இருக்குதுன்னா எங்கியோ கோளாறு இருக்குதுன்னுதான அர்த்தம். இன்னிக்கு தறியில அறுவறது, நாளைக்குப் பொண்ணு இடுப்புல கிழியும். மயிலு, பட்ட இன்னாப்பா பண்ண?" என்றார் பஞ்சாட்சரம்.

மயில்வாகனத்தின் கைகளில் முழங்கை வரை சாயம் ஏறியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினான். "எப்பவும் போலத்தான் மொதலாளி. சோப்பு போட்டு வேக வச்சேன், பசை போவ அலசனேன், சாயம் ஏத்தனேன். அதுக்கு அப்பறம் அது மேல இன்னா பூசனாங்கன்னு எனக்கு எப்டித் தெரியும்."

வடிவாம்பாள் அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டாள். "இன்னா மயிலு பேசற. நான் பூசறது உனக்குத் தெரியாதா. இந்தத் தெருவுல எத்தினி பாவுக்குப் போட்டிருக்கறேன்."

"நான் உங்களச் சொல்லல அண்ணி. பொதுவா சொல்றேன்."

பஞ்சாட்சரம் விவரம் தெரிந்தவர். அவளையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. வீரபாகு பக்கம் திரும்பினார். "ஜெயம்மா வூட்டுக்கு ஊடை பழைய சரக்கு. உன்னுது மட்டுந்தான் பாவும் ஊடையும் ஒரே அண்டாவுல வெந்தது. ஊடை எப்டிப்பா ஓடுது? அறுவுதா?"

நெசவு தெரிந்தவன் கேட்கிற கேள்வி அது. ஊடை என்பது நாடாவில் போய்க் குறுக்கே ஓடுகிற இழை. அதற்குக் கஞ்சி கிடையாது. பாவோடு ஊடையும் அறுந்தால் பிழை சாய அண்டாவில். ஊடை நன்றாக ஓடி, பாவு மட்டும் அறுந்தால் பிழை கஞ்சியில். வேறு விசாரணையே தேவையில்லை. வடிவாம்பாளுக்கு உயிர் வந்தது. புருஷன் வாயைத் திறந்தால் தீர்ந்தது என்று நிம்மதியாக நின்றாள்.

வீரபாகு தறியைப் பார்த்தான். "ஊடை நல்லாத்தான் ஓடுது மொதலாளி" என்றான்.

அடுத்தவன் தறியில் கை வைத்துப் பார்க்கிற வழக்கம் அங்கே கிடையாது. தறியில் உட்கார்ந்தவன் சொன்னால் சொன்னதுதான். பஞ்சாட்சரம் தலையை ஆட்டிக்கொண்டார். எல்லார் கண்ணும் வடிவாம்பாள் மேல் வந்து நின்றது.

ஜெயம்மாள்தான் முதலில் பேசினாள். குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். "வடிவக்கா, கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காத. எம் புள்ளைங்களுக்குப் போடாம மறைச்சு வச்சிருந்த அரிசி அது. அத்தினியும் கஞ்சியாச்சாக்கா?"

"இன்னாடி கேக்கற?"

"இல்லக்கா. சோள மாவ கரைச்சு ஊத்தினா கஞ்சி மாதிரியேதான் இருக்குமாம். ஆனா இழைய அரிச்சுடுமாம். பசி யார விட்டுது. பசிக்கு எடுத்துக்கினேன்னு சொல்லிட்டாக்கூட மனசு ஆறிடும்."

தான் இல்லை என்று சொல்வதைக் கேட்க அங்கே ஆள் இல்லை என்பது வடிவாம்பாளுக்குப் புரிந்தது. ஊடை நன்றாக ஓடுகிறது என்று அவள் புருஷனே சொல்லிவிட்டான். அவன் பொய் சொல்ல மாட்டான். அப்படியானால் தன் கஞ்சியில்தான் ஏதோ ஆகியிருக்கிறதா? அரிசியே கெட்ட அரிசியா? அவள் தன் விரலையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். அந்தப் பாவத்தை யார் தலையில் கட்டுவது?

அதற்குப் பிறகு அவளைத் தேடி யாரும் வரவில்லை. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் பேச்சு நின்றது. ரேஷன் கடை வரிசையில் பட்டம்மாள் என்பவள், "சில பேருக்கு ரேஷனே வேணாம், பாவு இருக்குது" என்று யாரிடமோ சொன்னாள். வடிவாம்பாள் பையை மடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. பசியில் செத்தாலும் பாவு அரிசியைத் தொடாதவளுக்கு அரிசி திருடி என்ற பட்டம்.

அந்த நாட்களில் வீரபாகு அவளிடம் நடந்துகொண்ட விதம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு கடுஞ்சொல் கிடையாது. ஊடை இழையை நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் சுற்றுவது எப்போதும் வடிவாம்பாள் வேலை. அதற்குத் தார் சுற்றுவது என்று பெயர். இந்தச் சேலைக்கு மட்டும் முதல் தார்களை அவள் கஞ்சி வேலையாக இருந்தபோது அவனே சுற்றி வைத்திருந்தான். அவள் ராட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது அவன் கையைப் பிடித்து எழுப்பினான்.

"உனக்கு கண்ணெல்லாம் வீங்கிக் கெடக்குது வடிவு. போயிப் படு. தார நானே சுத்திக்கறேன்."

"நெய்யறதையும் நெய்து, தாரும் நீங்களே சுத்துவீங்களா?"

"சுத்தனா இன்னா. தேஞ்சா போயிடுவேன்."

அவள் படுத்துக்கொண்டே பார்த்தாள். அவன் ராட்டையை அவ்வளவு மெதுவாகச் சுற்றினான். இழையை இரண்டு விரலுக்கு நடுவே பூப்போலப் பிடித்து, பதமாக விட்டு, பதமாக வாங்கினான். ஊரே காறித் துப்பினாலும் இந்த ஒரு மனுஷன் தன் பக்கம் இருக்கிறான் என்று நினைத்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள். அது சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. மறுநாள் வைத்த கோதுமைக் கஞ்சியில் கெட்டியானதை எல்லாம் அவன் தட்டில் வழித்துப் போட்டுவிட்டு, தெளிவைத் தான் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவன் ஜரிகை வாங்கப் பஞ்சாட்சரம் வீட்டுக்குப் போனான். வடிவாம்பாள் வீட்டைப் பெருக்கினாள். அப்படியே நெய்கிறவன் கால் வைக்கிற தறிக்குழியையும் பெருக்க இறங்கினாள். மூலையில் பழைய வேட்டித் துணியில் ஒரு மூட்டை இருந்தது. சுருட்டித் திணித்து, மேலே செங்கல் வைத்திருந்தது. பல்லியோ தேளோ இருக்குமென்று துடைப்பத்தால் தட்டிவிட்டுப் பிரித்தாள்.

உள்ளே அறுந்த நூல். பிடிப் பிடியாக அறுந்த நூல். எல்லாம் அரக்கு நிறம்.

அவள் நிமிர்ந்து தறியைப் பார்த்தாள். பாவு பச்சை. ஊடைதான் அரக்கு.

கொஞ்ச நேரம் குழியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, சுவர் ஆணியில் தொங்கிய அரக்குப் பட்டில் ஓர் இழையை உருவினாள். கஞ்சி படாத இழை. நல்ல பட்டு லேசில் அறுந்துவிடாது. இழுத்தால் முதலில் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். பிறகும் இழுத்தால் விரலை அறுத்துவிட்டுத்தான் தான் அறும். இது நீளவே இல்லை. சத்தம்கூட வரவில்லை. இழுத்த மாத்திரத்தில் இரண்டாகி, இரண்டு நுனியிலும் பஞ்சு மாதிரிப் பிசிறு நின்றது. இன்னொன்றை இழுத்தாள். அதுவும் அப்படியே வந்தது. அண்டாவிலேயே வெந்து செத்துப்போன பட்டு.

வீரபாகு திரும்பி வந்தபோது மூட்டை பிரித்தபடி தறிப் பலகை மேல் இருந்தது. அவன் செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"ஊடை நல்லாத்தான் ஓடுதுன்னீங்களே" என்றாள் அவள்.

அவன் கதவைச் சாத்தினான். "மெதுவா பேசு."

"இன்னும் இன்னா மெதுவா பேசணும். இந்த பட்ட இன்னா பண்ணான் உங்க தம்பி?"

"சோப்பு கெடைக்கல அவனுக்கு. துணி தொவைக்கற சோடாவ அள்ளிப் போட்டுட்டு, எலெக்சன் ஊர்வலம் பாக்கப் போயிட்டான். கூட்டத்துல மாட்டிக்கினான். வந்து பாக்கறான், தண்ணி சுண்டிப் போயி கெடக்குது. சின்னப் பையன் மாதிரி எங்கிட்ட வந்து அழுதான் வடிவு."

"எப்போ அழுதான்?"

அவன் மூட்டையைச் சுருட்டப் போனான்.

"கேக்கறேன். பாவு அறுந்ததுக்கு அப்பறமா, முன்னையா?"

"பட்டு வூட்டுக்கு வந்த அன்னிக்கே."

வடிவாம்பாள் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ நான் கஞ்சி போடறப்பவே உங்களுக்குத் தெரியும். கோடியில நின்னு கயித்தப் புடிச்சுக்கினு, நான் தலையாட்ட ஆட்ட விட்டு விட்டுப் புடிச்சீங்களே, அப்பவே தெரியும்."

"உன் கை பட்டா தாங்கிடும்னு நெனச்சோம். அவன்தான் சொன்னான், அண்ணி கஞ்சிக்கு செத்த நூலும் எழுந்து ஒக்காரும்னு. எப்டியாவது சேலைய முடிச்சுக் குடுத்துட்டா போதும்னு பாத்தோம். ஆவல."

"ஆவலன்னதும் எம் மேல தள்ளிட்டீங்க."

"தள்ளணும்னு தள்ளல. மொதலாளி திடுதிப்புன்னு கேட்டாரு. உண்மைய சொன்னா அவனுக்குப் பட்டறையே போயிடும். ஒருத்தனும் பட்டு குடுக்க மாட்டான். உனக்கு இன்னா போச்சு வடிவு? கஞ்சி போடறதுதான போச்சு. நான் நெய்து போடறேன், நீ சும்மா இரு. கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க."

"பட்ட கெடுத்தவன்னு அவனுக்குப் பேரு வரக் கூடாது. அரிசி திருடின்னு எனக்கு வரலாம்."

"நீ வூட்டுக்குள்ள இருக்கறவ. அவன் நாலு பேரு கிட்ட தொழில் பண்றவன்."

இதைச் சொன்னவன் கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவன் முகத்தில் அவள் மேல் இரக்கமும் இருந்தது, உண்மையான இரக்கம். அந்த இரக்கத்தோடேயே அவளை விற்றிருந்தான். அவளுக்கு ராட்டை ஞாபகம் வந்தது. பூப்போல இழையைப் பிடித்துச் சுற்றிய விரல்கள் ஞாபகம் வந்தன. தன் கண் வீக்கத்துக்காக அல்ல, தான் தொட்டால் தெரிந்துவிடும் என்பதற்காக. அதைப் பார்த்துத்தான் அன்று அழுதாள். கொல்லைப்புறம் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவன் சோறு வேண்டும் என்று கேட்கவில்லை, அவளும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஜெயம்மாள் வீட்டுக்குப் புதுப் பாவு நீட்டினார்கள். கெட்ட பாவை இறக்கிவிட்டுப் பஞ்சாட்சரம் வேறு பட்டு கொடுத்திருந்தார். தெருவே கூடியிருந்தது. ஆண்கள் பாவைத் தாங்கும் மூங்கில்களை நட்டு, இழைகளைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். ஜெயம்மாளே கஞ்சி காய்ச்சியிருந்தாள். வீரபாகு பழக்கதோஷத்தில் மறுகோடிக்குப் போய்க் கயிற்றைப் பிடித்து நின்றான். மயில்வாகனம் பஞ்சாட்சரத்தின் பக்கத்தில் இருந்தான்.

வடிவாம்பாள் தன் வீட்டுப் படி இறங்கி வருவதைப் பார்த்ததும் பெண்கள் விலகினார்கள். அவள் கையில் அரக்குப் பட்டு சுற்றிய ஒரு தார் இருந்தது, அவ்வளவுதான். அவள் நேராகப் புருஷனிடம் போய் நின்றாள். பஞ்சாட்சரத்திடம் கொடுத்து இழுக்கச் சொல்லியிருக்கலாம், யாரிடம் கொடுத்திருந்தாலும் அது அறுந்திருக்கும். ஆனால் அவன் கையாலேயே அறுக்கட்டும் என்று அவள் நினைத்தாள். அறுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மிச்சத்தை எல்லாம் முழுங்கிக்கொண்டு அவனோடு இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். அவனுக்கு அவள் கொடுத்த கடைசி இடம் அது.

"மொதலாளி, இது எங்க தறியில ஓடற ஊடை" என்றாள். "இதுக்கு நான் கஞ்சி போடல. ஊடைக்கு ஏது கஞ்சி. இவரு இதுல ஒரு மொழம் இழுத்துக் காட்டட்டும்."

மயில்வாகனம் வாயைத் திறந்தான். பஞ்சாட்சரம் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். "இழுப்பா" என்றார்.

பக்கத்தில் நின்றவனிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு வீரபாகு தாரை வாங்கினான். அவன் அவளைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். பிறகு நுனியைத் தேடி எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தான்.

இழை அறவில்லை.

அறவிடவில்லை அவன். தாரைச் சாய்த்துப் பிடித்து, விரலைத் தளர்த்தி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, இருக்கிற வித்தையை எல்லாம் காட்டி ஒரு முழம் உருவினான். அரக்கு இழை இளவெயிலில் மினுக்கிக்கொண்டு முழுசாக வந்தது. வேறு தெருவாக இருந்தால் அவன் ஜெயித்திருப்பான். அங்கே நின்ற அத்தனை பேரும் பிறந்தது முதல் பட்டைத் தொட்டவர்கள். நல்ல பட்டை யாரும் அப்படி இழுப்பதில்லை. வெடுக்கென்று இழுத்து, தாங்குகிறதா பார் என்று காட்டுவார்கள். யாரும் இழையைப் பார்க்கவில்லை. அவன் விரலைத்தான் பார்த்தார்கள்.

ஜெயம்மாளின் புருஷன் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "எத்தினி நாளாப்பா இத இப்டிப் பழகன?" என்றான்.

வீரபாகு அப்போதுதான் தன் கையைப் பார்த்தான். இழையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பஞ்சாட்சரம் தாரை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "மயிலு, பட்டறைச் சாவியோட சாயங்காலம் வூட்டாண்ட வா" என்று மட்டும் சொன்னார். மயில்வாகனம் அண்ணனைப் பார்த்துவிட்டு, சாயம் ஏறிய கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டே போனான். அது துடைத்தால் போகிற சாயம் இல்லை.

ஜெயம்மாள் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து வடிவாம்பாள் முன்னால் வைத்தாள். "அக்கா" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வடிவாம்பாள் பானைக்குள் விரலை விட்டு எடுத்து உரசிப் பார்த்தாள். "கட்டி கட்டியா இருக்குதுடி. துணிய கொண்டா, இன்னொரு வாட்டி வடிகட்டணும். வெயிலு ஏறுது பாரு" என்றாள். சேலையை இழுத்துச் செருகினாள். அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

கஞ்சி வடிந்து முடிந்தது. அவள் துணிப் பந்தை நனைத்துப் பிழிந்துகொண்டு பாவின் தலைப்பில் வந்து நின்றாள். எதிர்க்கோடியில் வீரபாகு தாரை மடியில் செருகிக்கொண்டு, பக்கத்து ஆளிடமிருந்து கயிற்றை வாங்கிப் பிடித்திருந்தான். அவள் தலையசைப்பதற்காக அங்கிருந்தே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வடிவாம்பாள் தலையை அசைக்கவில்லை.

"அந்தக் கோடிய வேற யாராவது வந்து புடிங்கப்பா" என்றாள்.